பனித்தடச் சீராக்கி

பனித்தடச் சீராக்கி என்பது பனியூர்திகள் ஓடும் தடங்களில் உண்டாகும் மேடுபள்ளங்களை வெட்டி, பனியைக் கலக்கி, அமுக்கிச் சமதளமாக்கும் இழுவைக் கருவி ஆகும். பனியூர்தி என்பது முன்புறத்தில் இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்புறத்தில் இயந்திரத்தால் சுழலும் இரப்பர்ப் பட்டையும் கொண்டு பனிமேல் ஓடும் சிறு வண்டி. இது ஆங்கிலத்தில் சுனோமொபைல் எனப்படுகிறது. கனடா, ஐக்கிய அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளில் இவ்வண்டிகளுக்கெனத் தனித் தடங்கள் உள்ளன. கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் ஆகிய இரு மாகாணங்களில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30,000 கி.மீ. தடம் உண்டு.

பெரிய தடங்களை அப்பகுதிக் கழகங்கள் பல டன் எடையுள்ள இயந்திரங்களைக் கொண்டு சீராக்குகின்றன. பண்ணைகள், ஏரிக்கரைக் குடில்கள், சிறு கழகங்கள் ஆகியவற்றின் தடங்களுக்கு அத்தகைய இயந்திரம் கட்டுப்படியாகாது. ஆகவே, பலர் இரும்புச் சட்டங்களைக் கொண்டு தாமே ஒரு சீராக்கியைச் செய்து, பனியூர்திக்குப் பின்னால் பூட்டி இழுக்கின்றனர். இக்கட்டுரை அவ்வாறு வீட்டில் செய்யப்படும் சீராக்கியின் அமைப்பையும், அது இயங்கும் அடிப்படையையும் விளக்குகிறது.

தமிழில் பனி என்னும் சொல் புல்நுனியில் படியும் நீர்த்துளியையும் குறிக்கும். இங்கு அது வானிலிருந்து விழும் வெண்பனியை மட்டுமே குறிக்கிறது. நீர் உறைந்த திண்மம் பனிக்கட்டி எனப்படுகிறது.

வரலாறு

பனியை அகற்றாமல் அமுக்கிப் பாதையாக்கும் முறை பனியூர்திக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மாண்ட், நியூ ஆம்சயர் போன்ற மாநிலங்களில் குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளால் சாலைப் பனியை அமுக்கினர். அக்காலத்தில் குளிர்காலப் போக்குவரத்து சறுக்கு வண்டிகளில் நடந்ததால், பனி இல்லாத சாலையைவிட இறுகிய பனிச் சாலையே பயன்பட்டது.

பனியூர்தியின் வரலாற்றில் முதன்மையானவர் கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த யோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே (1907–1964). 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் நோயுற்றபோது, பனி மூடிய சாலைகளால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாமல் இறந்தான். பனிமேல் ஓடும் ஊர்தியை உருவாக்கும் முயற்சியில் முன்பே ஈடுபட்டிருந்த அவர், 1937இல் பற்சக்கரமும் பட்டையும் சேர்ந்த தம் இயக்க அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அவர் செய்தவை பலர் ஏறிச் செல்லும் மூடிய ஊர்திகள். 1959இல் அவருடைய நிறுவனம் ஓரிருவர் மட்டும் செல்லும் இசுக்கி-டூ என்னும் சிறு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் பனியூர்தி பொழுதுபோக்காகவும் பரவியது.

பனியைச் சீராக்கும் கலை பனிச்சறுக்கு மலைகளிலும் வளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள வின்டர் பார்க் சறுக்கு மையத்தில், இசுட்டீவ் பிராட்லி என்பவர் உருளையும் எஃகு அலகும் கொண்ட ஒரு கருவியை அமைத்தார். சறுக்குவீரர் ஒருவர் அதனை முன்னின்று பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குவார். அலகு மேட்டை வெட்டும், உருளை பனியை அமுக்கும். இன்றைய சீராக்கிகளிலும் வெட்டுதல், அமுக்குதல் என்னும் இவ்விரு செயல்களும் உள்ளன.

மேடுபள்ளங்கள் உண்டாகும் விதம்

புதிதாக விழுந்த பனியில் முதலில் ஓடும் வண்டிகள் மென்மையான தடத்தையே விடுகின்றன. வண்டி வேகம் கூட்டும் இடங்களில் அதன் பட்டை பனியைத் தோண்டிப் பின்னே தள்ளுகிறது. வேகம் குறைக்கும் இடங்களில் பனி முன்னே குவிகிறது. இவ்வாறு தோன்றும் ஒரு சிறு மேட்டின் மேல் ஏறி இறங்கும் அடுத்த வண்டி, தன் வில்தாங்கிகள் அழுந்தி மீள்வதால், சிறிது தூரம் தள்ளி மீண்டும் பனியை இடிக்கிறது. அவ்விடத்தில் அடுத்த பள்ளம் உருவாகிறது. நாளடைவில் தடம் முழுவதும் அலை போன்ற மேடுபள்ளங்கள் பரவுகின்றன. சரளைச் சாலைகளில் காணப்படும் குறுக்கு வரிகளும் இதே முறையில் தோன்றுபவை.

இம்மேடுகள் பயணத்தைக் கடினமாக்குவதோடு நிற்பதில்லை. ஓட்டுநரின் முதுகெலும்பு அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. சறுக்குக் கட்டைகள் தரையை விட்டு எழும்போது வண்டியைத் திருப்ப இயலாது. நோயாளியை இழுவைப் படுக்கையில் கிடத்திக் கொண்டுவர நேரும்போது, பாதையின் சமநிலை உயிரோடு தொடர்புடையதாகிறது.

பனியின் இயல்பு

சீராக்கி செய்ய முற்படுபவர் முதலில் அறிய வேண்டியது பனியின் இயல்பு. பனியின் அடர்த்தி அதன் நிலையைப் பொறுத்து மிகவும் மாறுபடுகிறது. ஒரு கன மீட்டருக்குரிய தோராய அளவுகள் வருமாறு:

• புதிதாக விழுந்த உலர்பனி: 50 முதல் 100 கி.கி.
• சில நாள் கிடந்து படிந்த பனி: 200 முதல் 300 கி.கி.
• நன்கு சீராக்கிய தடம்: 400 முதல் 500 கி.கி.
• தூய பனிக்கட்டி: 917 கி.கி.

உலர்பனியின் பெரும்பகுதி காற்று என்பது இதனால் விளங்கும். எனினும் காற்றை வெளியேற்றுவதால் மட்டும் தடம் உறுதியாவதில்லை. பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், உருகாமலேயே, நீராவியும் மூலக்கூறுகளும் நகர்ந்து சிறு கழுத்துப் போன்ற இணைப்புகள் வளர்கின்றன. இதற்குத் துகள்பிணைவு என்று பெயர். உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிப் பொருள்கள் செய்யும் தொழிலிலும் இதே நிகழ்வு பயன்படுகிறது. பனி எப்போதும் தன் உருகுநிலைக்கு அருகிலேயே இருப்பதால், அதற்குத் தனியே சூடு வேண்டியதில்லை. காலம் மட்டும் வேண்டும்.

துகள்கள் பல அளவினவாக இருந்தால் தொடும் இடங்கள் மிகும். பெரிய கற்களுக்கு இடையே சிறு கற்களும் மணலும் புகுந்தால் கற்காரை வலுப்பெறுவது போன்றதே இது. ஆகவே, மேற்பரப்பின் குளிர்ந்த பனியையும் அடியிலுள்ள சற்றுச் சூடான பனியையும் உடைத்துக் கலப்பது சீராக்கலின் இன்றியமையாத பகுதி ஆகும்.

சீராக்கலின் நான்கு படிகள்

1. வெட்டுதல். மேடுகள் அவற்றின் அடிவரை வெட்டப்பட வேண்டும். பள்ளத்தில் பொடிப்பனியை நிரப்பி மேலே தடவினால், இறுகிய பழைய மேடு உள்ளே அப்படியே இருக்கும். சில வண்டிகள் ஓடியதும் அதே இடத்தில் அதே மேடு வெளிப்படும்.

2. கலக்குதல். வெட்டிய பனி சட்டகத்துக்குள் உருண்டு புரண்டு, கட்டிகள் உடைந்து, காற்றை இழக்க வேண்டும்.

3. அமுக்குதல். கலந்த பனி பின்புறத் தகட்டின் கீழ் அழுந்திச் சமதளமாகிறது.

4. இறுகவிடுதல். அமுக்கிய தடத்தில் குறைந்தது 2 மணி நேரம் எவ்வண்டியும் ஓடாதிருக்க வேண்டும். இரவு முழுவதும் விடுவது சிறந்தது.

எடையைப் பற்றிய ஒரு கணக்கு

வீட்டில் சீராக்கி செய்பவர்கள் பெரும்பாலும் கருவியின் எடையைக் கூட்டுவதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். 150 கி.கி. எடையுள்ள சீராக்கியில் பாதி எடை பின்தகட்டின் மேல் விழுவதாகக் கொள்வோம். தகட்டின் நீளம் 1.2 மீ., அகலம் 0.45 மீ. எனில் பரப்பு 0.54 சதுர மீட்டர். அழுத்தம் ஏறத்தாழ 1.4 கிலோபாசுகல். ஆனால் 80 கி.கி. எடையுள்ள ஒருவர் இரு காலணிகளுடன் நிற்கும்போது அவற்றின் மொத்தப் பரப்பு 0.06 சதுர மீட்டர் எனக் கொண்டால், அழுத்தம் ஏறத்தாழ 13 கிலோபாசுகல் ஆகிறது. அதாவது, நடந்து செல்பவரின் கால், சீராக்கியின் தகட்டைவிட ஒன்பது மடங்கு மிகுதியாகப் பனியை அழுத்துகிறது.

எனவே சிறு சீராக்கியின் வலிமை அதன் எடையில் இல்லை. சரியாக வெட்டுவதும், நன்கு கலக்குவதும், பின்னர் காத்திருப்பதுமே உறுதியான தடத்தைத் தருகின்றன. இதனை உணராமல் மேன்மேலும் எடை ஏற்றினால் இழுக்கும் வண்டி புதைவதும் சூடேறுவதுமே பயனாகும்.

கருவியின் அமைப்பு

உழுத வயலைச் சமன்செய்ய மாடுகள் இழுக்கும் பரம்புப் பலகையின் வேலையை இக்கருவி பனியில் செய்கிறது. ஆயினும் பரம்பு இளகிய சேற்றின் மேல் தவழ்வது. சீராக்கியோ இறுகிய மேட்டை அறுக்க வேண்டியது. ஒரு பனியூர்தி இழுக்கத்தக்க கருவியின் பகுதிகள் பின்வருவன.

சட்டகம்: 3 மீ. நீளமும் 1.2 மீ. அகலமும் உள்ள செவ்வகம். 50 மி.மீ. சதுர இரும்புக் குழாய் இதற்குப் போதுமானது. இரு பக்கச் சட்டங்களும் சறுக்குக் கால்களாகவும் பயன்படுகின்றன. அவற்றின் முன்முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். சட்டகத்தின் நீளமே இக்கருவியின் உயிர்நிலை. அடுத்தடுத்த இரு மேடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சட்டகம் குட்டையாக இருந்தால், அது ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும், மேட்டை வெட்டாது. நீண்ட சட்டகம் இரு மேடுகளின் உச்சியில் படிந்து நிற்பதால், அலகு நேர்கோட்டில் செல்கிறது. தச்சரின் நீண்ட இழைப்புளி பலகையைச் சமன்செய்வதும் இவ்வாறே.

அலகுகள்: 75 மி.மீ. ஆங்கிள் இரும்பால் ஆன நான்கு அலகுகள் சட்டகத்தின் குறுக்கே சாய்வாகப் பொருத்தப்படுகின்றன. முதல் அலகு பனியை இடமிருந்து வலமாகத் தள்ளினால், இரண்டாவது அதனை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். இவ்வாறு பனி வளைந்து வளைந்து செல்லும்போது உடைந்து கலக்கிறது. முன் அலகு சற்று உயரத்திலும் பின் அலகுகள் படிப்படியாகத் தாழ்ந்தும் இருந்தால், ஒவ்வொன்றும் மேட்டின் ஒரு பங்கை மட்டும் அறுக்கும். உயரத்தை மாற்றுவதற்காக அலகுகளை நீள்துளைகளில் போல்ட்டு கொண்டு முடுக்குவது நல்லது. நிலையாகப் பற்றவைத்துவிட்டால் பனியின் நிலைக்கேற்ப மாற்ற இயலாது. இறுகிய பனிக்கு, அலகின் விளிம்பில் பற்கள் வெட்டிக்கொள்ளலாம்.

அமுக்குத் தகடு: 3 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு. இதன் முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தால் பனி அதன் கீழே எளிதில் நுழையும். பனி ஒட்டுவதைத் தடுக்க, அடிப்பகுதியில் வழுவழுப்பான பாலிஎத்திலீன் பலகையைப் பொருத்துவதும் உண்டு.

தூக்கும் சக்கரங்கள்: சாலையைக் கடக்கவும், கருவியைத் தூக்கிச் செல்லவும், வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்தவும் பின்புறத்தில் இரு சக்கரங்கள் தேவை. இவற்றைக் கையால் சுழற்றும் ஜாக்கியாலோ, 12 வோல்ட் மின்தூக்கியாலோ ஏற்றி இறக்கலாம்.

இழுவைத் தண்டு: 1.2 முதல் 1.5 மீ. நீளமுள்ள விறைப்பான இரும்புத் தண்டு. கயிறும் சங்கிலியும் பயன்படுத்தக் கூடாது. இறக்கத்தில் வண்டி நின்றால், பின்னால் வரும் கருவி நேரே வந்து மோதும். தண்டு குட்டையாக இருந்தால், வண்டியின் ஒவ்வோர் ஆட்டமும் அலகுக்குக் கடத்தப்படும்.

இவ்வளவுகளின்படி சட்டகம் ஏறத்தாழ 46 கி.கி., அலகுகள் 41 கி.கி., தகடு 17 கி.கி., தண்டும் சக்கரங்களும் பிறவும் 30 கி.கி. என மொத்தம் 134 கி.கி. அளவில் அமையும்.

எளிய மாற்றுக் கருவிகள்

பழைய கட்டிலின் கம்பிச் சட்டம், கம்பிவலை வேலியின் துண்டு, வரிசையாகக் கட்டிய வண்டி டயர்கள், மரக்கட்டைகள் ஆகியவற்றை இழுப்போரும் உள்ளனர். இவை வளைந்து கொடுப்பதால் மேடுபள்ளத்தின் வடிவத்தையே பின்பற்றுகின்றன, மேட்டை வெட்டுவதில்லை. ஆயினும் புதுப்பனி விழுந்தவுடன், மேடு தோன்றும் முன்னர், பனியைப் பரப்பிப் படியவைக்க இவை போதும். பெரிய குழாயால் செய்த உருளையும் ஆழ்ந்த புதுப்பனியை அமுக்க உதவும்.

இழுக்கும் வண்டி

விரைவுக்கான பனியூர்திகள் இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் பட்டை பெரும்பாலும் 38 செ.மீ. அகலம் உடையது. வேலைக்கான வண்டிகளில் 51 அல்லது 61 செ.மீ. அகலப் பட்டையும், மெதுவாக இழுப்பதற்கான தாழ்ந்த பல்லிணையும் இருக்கும். பல வண்டிகளில் இயந்திரத்தின் வெப்பம், பட்டை வாரியெறியும் பனி மீது படுவதால் தணிகிறது. மெதுவாக, இறுகிய தடத்தில் இழுக்கும்போது அப்பனி கிடைக்காமல் இயந்திரம் சூடேறுகிறது. விசையைக் கடத்தும் வார்ப்பட்டையும் சூடாகித் தேயும். எனவே இடையிடையே நின்று ஆறவிட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

• ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ −4 முதல் −15 பாகை செல்சியசு வரை. கடுங்குளிரில் துகள்பிணைவு மெதுவாகும். உருகுநிலையை ஒட்டிய ஈரப்பனி அலகில் ஒட்டும். வெப்பநிலை இறங்கத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.
• ஏற்ற நேரம் மாலைக்குப் பின். அப்போது போக்குவரத்து ஓய்ந்திருக்கும்; இரவின் குளிரில் தடம் இறுகும்.
• வேகம் மணிக்கு 8 முதல் 12 கி.மீ. இதை மீறினால் கருவியே குதித்துப் புதிய அலைகளைப் பதிக்கும்.
• அலகுகளுக்கு முன் எப்போதும் சிறிது பனி உருண்டுகொண்டிருக்க வேண்டும். அது பள்ளங்களை நிரப்புவதற்கான இருப்பு.
• பனி குறைவான காலத்தில் அலகை உயர்த்த வேண்டும். மண் கிளறப்பட்டால் கருநிறம் வெயிலை உறிஞ்சி, சுற்றியுள்ள பனியையும் உருக்கும்.
• பருவத்தின் முதல் பனியிலிருந்தே சிறு சிறு அடுக்குகளாக அமுக்கி வந்தால் அடித்தளம் உறுதியாகும்.

அடிக்கடி நேரும் குறைகள்

தகட்டின் அடியில் பனி கட்டியாக ஒட்டுவது, சூடான கொட்டகையிலிருந்து கருவியை நேரே எடுத்து வருவதால் நேர்கிறது. இரும்பு வெளிக்குளிரை அடையும்வரை அதனை வெளியே நிறுத்திவைக்க வேண்டும். வேலை முடிந்தபின் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தாவிட்டால், காலையில் கருவி தரையோடு உறைந்து கிடக்கும்.

சட்டகத்தின் முன்பகுதி தூக்கிக்கொண்டால் இழுவைத் தண்டு மிகச் செங்குத்தாக உள்ளது என்று பொருள். தண்டை நீட்ட வேண்டும். கருவி ஒருபுறமாக இழுத்தால், எதிரெதிர் அலகுகளின் சாய்வோ ஆழமோ சமமாக இல்லை. தடத்தின் நடுவில் பள்ளமும் ஓரங்களில் வரப்பும் உண்டானால், கடைசி அலகு பனியை வெளியே தள்ளுகிறது. அதனை நடுப்பகுதிக்குக் குவிக்குமாறு திருப்பிப் பொருத்த வேண்டும்.

பாதுகாப்பு

சீராக்கி மெதுவாகச் செல்வது. தடத்தில் வரும் பிற வண்டிகள் விரைவாக வருபவை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருபவரின் முகப்பு விளக்கு 60 மீ. தூரம் காட்டினால், நிற்கும் சீராக்கியைக் கண்டபின் அவருக்குக் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. ஆகவே கருவியின் பின்புறத்தில் மினுக்கும் விளக்கும், ஒளியெதிர் பட்டைகளும் கட்டாயம் தேவை. விளக்கில்லாத கருவியைத் தடத்தில் விட்டுச் செல்லுதல் உயிரிழப்புக்கு வழிவகுக்கும். எடைக்காக ஒருவரைச் சட்டகத்தின் மேல் உட்காரவைப்பதும் கூடாது. விழுந்தால் அவர் அலகுகளுக்கிடையே சிக்குவார்.

உறைந்த ஏரிகளில் தனி கவனம் வேண்டும். தெளிந்த புதிய பனிக்கட்டியில் ஒரு பனியூர்தி மட்டும் செல்வதற்கே 13 முதல் 18 செ.மீ. தடிப்பு தேவை எனப்படுகிறது. வெண்ணிறப் பனிக்கட்டியின் வலிமை ஏறத்தாழ பாதி என்பதால் தடிப்பு இருமடங்காக இருக்க வேண்டும். சீராக்கியையும் சேர்த்து இழுக்கும்போது இன்னும் மிகுதி வேண்டும். ஓடை வந்து சேரும் இடங்களில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். எனவே துளையிட்டுப் பல இடங்களில் அளந்து பார்க்காமல் ஏரியில் இறங்குதல் தகாது. மறுபுறம், ஏரிமேல் கிடக்கும் பஞ்சு போன்ற பனி போர்வையாகிக் குளிரைத் தடுக்கிறது. அதனை அமுக்கினால் குளிர் உள்ளிறங்கிப் பனிக்கட்டி மேலும் தடிக்கும்.

தடங்களின் பெரும்பகுதி தனியார் நிலங்களின் வழியே, உரிமையாளர்களின் இசைவோடு செல்கிறது. அகலமாகச் சீராக்க விரும்பி வேலியையோ இளமரங்களையோ சேதப்படுத்தினால் அவ்விசைவு திரும்பப் பெறப்படலாம். ஒரு நிலத்தின் வழி அடைபட்டால், அதன் இருபுறமும் உள்ள தடம் துண்டிக்கப்படும். ஆதலால் குறித்த எல்லைக்குள் மட்டும் கருவியைச் செலுத்துதல், நல்ல அலகைப் பொருத்துவதற்கு ஒப்பான கடமையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

• பனியூர்தி
• பனிச்சறுக்கல்
• துகள்பிணைவு
• யோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே